தீவுத்திடலும் ஆல்பர்ட் பார்க்கும்

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் ஓடுவதற்கு முன்னும், மெல்பர்னின் ஆல்பர்ட் பார்க் ஏரியைச் சுற்றி ஃபார்முலா 1 கார்கள் ஓடுவதற்கு முன்னும் பெரிய சண்டைகள் நடந்தன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். ஃபார்முலா 1இன் செலவும் ஆரவாரமும் ஃபார்முலா 4க்குக் கிடையாது. அப்படியிருந்தும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பொது இடத்தைப் பந்தயத் தடமாக்கும் முடிவை இரண்டு அரசுகளும் ஊராரைக் கேட்காமலே எடுத்தன. பிறகு ஊரார் கேள்வி கேட்க வந்தபோது மெல்பர்னில் நீதிமன்றக் கதவு சட்டம் போட்டுச் சாத்தப்பட்டிருந்தது. சென்னையில் அது திறந்தே இருந்தது.

முதலில் மெல்பர்ன். 1985 முதல் ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீ அடிலெய்டு நகரத் தெருக்களில் நடந்துவந்தது. அதை விக்டோரியா மாநிலத்துக்குக் கொண்டுவருவதாக 1993 டிசம்பரில் அறிவித்தார் அன்றைய பிரிமியர் ஜெஃப் கென்னட். பந்தயத்துக்காகத் தேர்ந்த இடம், மெல்பர்ன் நகர மையத்துக்குத் தெற்கே 225 ஹெக்டேரில் விரிந்து கிடக்கும் ஏரிப் பூங்கா. 1950களில் அங்கே கார் பந்தயங்கள் நடந்ததுண்டு என்று அரசு நினைவூட்டியது. ஆனால் நடுவில் கழிந்த நாற்பது ஆண்டுகளில் அந்தப் பூங்கா கால்பந்து, கிரிக்கெட் மன்றங்களுக்கும் காலை நடைக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியதாகிவிட்டிருந்தது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. 'ஆல்பர்ட் பார்க்கைக் காப்போம்' என்ற இயக்கம் 1994இல் பிறந்தது. மரங்களிலும் வேலிகளிலும் மஞ்சள் நாடா கட்டினார்கள். வேலை நடக்கும் இடங்களில் இயந்திரங்களை மறித்து நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அவர்களில் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் இருந்தார்கள். வாழ்நாளில் ஒரு போராட்டத்தையும் பார்த்திராதவர்கள் பலர்.

அரசு அவர்களுக்குத் தந்த பதில் 1994ஆம் ஆண்டின் கிராண்ட் பிரீ சட்டம். அந்தச் சட்டம் பந்தயத்தைச் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்விலிருந்து விலக்கியது, நகரமைப்பு விதிகளிலிருந்தும் இரைச்சல் வரம்புகளிலிருந்தும் விலக்கியது. இழப்பீடு கேட்கும் உரிமையையும் பறித்தது. மாநில உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்தையே இந்த விஷயத்தில் வெட்டிக் குறுக்கியது. தடம் போடும் வேலையில் கனரக இயந்திரங்கள் மண்ணை இடித்து இறுக்கியதால் தங்கள் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டதாகப் பூங்காவை ஒட்டிக் குடியிருந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் புகார் மெய்யா பொய்யா என்பதை ஒரு நீதிபதி முன் வைத்துத் தீர்க்கவும் வழியில்லாமல் போனது. எனக்கு இதில்தான் ஆறாத கோபம். ஒரு வழக்கில் தோற்பது வேறு, வழக்கே போட முடியாமல் நிற்பது வேறு. விளையாட்டுக்காக ஒரு ஜனநாயக அரசு தன் குடிமக்களை அப்படி நிறுத்தலாகாது.

1996 மார்ச் 10 அன்று முதல் பந்தயம் நடந்தது. முதல் சுற்றிலேயே மார்ட்டின் பிரண்டிலின் கார் பறந்து விழுந்து நொறுங்கியதும், அவர் எழுந்து ஓடிப்போய் மாற்றுக் காரில் ஏறியதும் உலகமெங்கும் காட்டப்பட்டன. மஞ்சள் நாடாக்காரர்களைக் காட்டிய கேமராக்கள் குறைவு.

சென்னையின் கதை வேறு வழியில் போனது. 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரமோஷன்ஸ் என்ற தனியார் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 3.5 கிலோமீட்டர் தடம், 19 வளைவுகள். தீவுத்திடலில் தொடங்கி கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று சுற்றி வரும் பாதை. அரசின் பங்கு 42 கோடி ரூபாய். இதற்கென்று தனிச்சட்டம் எதுவும் வரவில்லை. சட்டம் இல்லாததால் அரசுக்கு வேலை எளிதானது, மக்களுக்கும் நீதிமன்றம் போகும் வழி அடைபடவில்லை.

பொதுநல மனுக்கள் வந்தன. அவற்றின் கேள்விகள் நேரானவை. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையும் அருகில் இருக்கும்போது ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும்? நோயாளிகள் அந்த இரைச்சலை எப்படித் தாங்குவார்கள்? இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் முறையான பந்தயத் தடம் இருக்கிறதே, அங்கே நடத்தினால் என்ன? இந்த மூன்றாவது கேள்வியைச் சென்னைக்காரர்கள் கேட்பதில் தனி நியாயம் உண்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த ஊர் இது. மோட்டார் பந்தயத்தை வெறுப்பவர்கள் எழுப்பிய கேள்வியாக அதை ஒதுக்கிவிட முடியாது.

2023 டிசம்பரில் நடக்கவிருந்த பந்தயத்தை நிறுத்தியது வழக்கு அல்ல, மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து மக்கள் படகுக்குக் காத்திருந்த வாரத்தில் பந்தயத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அரசு அதைத் தள்ளிவைத்தது. 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பந்தயத்துக்கு அனுமதி அளித்தது. ஆனால் அரசு செலவிட்ட 42 கோடியை நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னது. இரைச்சலையும் மக்களுக்கு வரும் இடையூறையும் குறைக்க நிபந்தனைகள் விதித்தது. ஆல்பர்ட் பார்க் வாசிகளுக்குக் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: அரசு வழக்கறிஞர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டிய இடம்.

ஆனால் அந்த இடம் எவ்வளவு கடைசியில் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 என்று நாள் குறித்தபின், பாஜகவைச் சேர்ந்த ஏ.என்.எஸ். பிரசாத் தொடுத்த வழக்கில், பன்னாட்டு மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் தடச் சான்றைப் பந்தய நாள் நண்பகலுக்குள் பெற்றுவிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. மழை கொட்டியது. தடத்தை முழுதாகச் சோதிக்க முடியவில்லை. அரசு அவகாசம் கேட்க, கெடு இரவு எட்டு மணி வரை நீண்டது. சான்று அன்றே வந்து, மறுநாள் பந்தயங்கள் ஓடின. டிக்கெட் விற்று, தடுப்புகள் நிறுத்தி, கூட்டம் உள்ளே வந்தபின் தடம் பாதுகாப்பானதா என்று மணிக்கணக்கில் காத்திருப்பதை ஒழுங்குமுறை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

சான்று மட்டும் போதாது என்பதற்கு மெல்பர்னே சாட்சி. 2001 பந்தயத்தில் ஜாக் வில்னெவ் கார் மோதியபோது கழன்ற சக்கரம், பாதுகாப்பு வேலியில் இருந்த இடைவெளி வழியே பாய்ந்து, தொண்டராக நின்ற மார்ஷல் ஒருவரைக் கொன்றது. எஃப்ஐஏ பார்த்து ஒப்புக்கொண்ட தடம் அது. வேலியின் இடைவெளியை முன்கூட்டியே கண்டு சொல்ல, நிகழ்ச்சியில் லாபமோ பெருமையோ எதிர்பார்க்காத ஒரு கண் தேவை. அந்தக் கண்ணுக்கு இரண்டு ஊரிலும் இடம் வைக்கவில்லை.

கணக்கு விஷயத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். நீதிமன்றத்தை அடைத்த அதே விக்டோரியாவில், பந்தயத்தை நடத்தும் அரசுக் கழகம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். தொடக்கத்தில் சிறியதாக இருந்த நட்டம் எப்படி வளர்ந்தது, 2024இல் அரசு ஈடுகட்டிய தொகை எப்படிப் பத்துக் கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. 2005 பந்தயத்தை ஆராய்ந்த மாநிலத் தலைமைத் தணிக்கையாளர், பயனைவிடச் செலவு 67 லட்சம் டாலர் அதிகம் என்று 2007இல் எழுதிவைத்தார். போராட்டக்காரர்கள் இன்றுவரை கையில் வைத்திருக்கும் கூர்மையான ஆயுதம் அரசின் சொந்தத் தாள்தான். சென்னையிலோ 42 கோடியைப் பற்றிய விவாதமே வழக்கு வந்ததால் நடந்தது. ஊர் பார்க்கும்படி வருமானக் கணக்கையும் செலவுக் கணக்கையும் ஒருசேர வைக்கும் கடமை இங்கே யாருக்கும் கிடையாது.

கட்சிகள் நடந்துகொண்ட விதமும் கவனிக்கத் தக்கது. எதிர்க்கட்சியாக இருந்தபோது ஆல்பர்ட் பார்க்கை எதிர்த்த தொழிற்கட்சி, 1999இல் ஸ்டீவ் பிராக்ஸ் தலைமையில் ஆட்சிக்கு வந்ததும் பந்தயத்தை அப்படியே தொடர்ந்தது. இப்போதைய ஒப்பந்தம் 2037 வரை நீள்கிறது, அதையும் தொழிற்கட்சி அரசுதான் போட்டது. ஹைதராபாத்தில் நேர்மாறு. 2023 பிப்ரவரியில் உசேன் சாகர் ஏரிக்கரையில் நடந்த ஃபார்முலா இ மின்கார் பந்தயம், தெலங்கானாவில் ஆட்சி மாறியதும் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. முந்தைய அமைச்சர் கே.டி. ராமராவ் மீது சுமார் 55 கோடி ரூபாய் தொடர்பாக ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிந்தது, அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். சென்னையில் அதிமுகவின் எடப்பாடி பழனிசாமியின் கண்டனமும் பாஜகவின் வழக்கும் எழுப்பிய கேள்விகள் சரியானவை. நாளை அவர்களே ஆட்சியில் அமர்ந்து பந்தயம் நடத்தினால் அன்றும் அவை சரியானவையாகவே இருக்க வேண்டும். கட்சியை நம்பி அதை விட்டுவைக்க முடியாது.

நீதிமன்றத்தை நம்பியும் முடியாது என்பது 2025 பிப்ரவரியில் தெளிவானது. 42 கோடியைத் திருப்பித் தரும் உத்தரவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. விளையாட்டு நிகழ்ச்சியை எப்படி நடத்துவது என்பது அரசின் கொள்கை முடிவு என்ற பார்வை அதில் இருந்தது. அப்படியானால் பொறுப்பு சட்டப்பேரவைக்கு வருகிறது. பொதுச் சாலையில் பந்தயம் நடத்த விரும்பும் எந்த அரசும் ஆறு மாதம் முன்னதாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனைகளின் ஒப்புதல் எழுத்தில் வர வேண்டும். தடச் சான்று டிக்கெட் விற்பனைக்கு முன்பே கைக்கு வர வேண்டும். பந்தயம் முடிந்த மூன்று மாதத்தில் தணிக்கை செய்த கணக்கு பேரவையின் மேசைக்கு வர வேண்டும். விக்டோரியா எழுதிய சட்டத்தில் இல்லாத ஒரு வரியும் இதில் சேர வேண்டும்: இவற்றில் எதை மீறினாலும் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போகலாம்.