கூலிம் ஏரியின் நுண்ணுயிர்

கெடா மாநிலத்தின் வரலாற்றை எழுதப் புகும் தமிழர் பெரும்பாலும் பூசாங் பள்ளத்தாக்கில் தொடங்கிப் பால்மரக் காட்டில் முடிப்பர். 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் குடியேறியதும் பன்முறை எழுதப்பட்டவை. அதே கூலிமின் ஏரி ஒன்றில் வாழ்ந்த, கண்ணுக்குப் புலனாகாத உயிர் ஒன்று அறிவியல் ஆய்வேடுகளில் இடம்பெற்ற வரலாறும் அறியத்தக்கதே.

அதனை விளங்கிக்கொள்ளப் பால்மரமே நல்ல தொடக்கம். ஒரே வகைச் சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்து நீண்ட சங்கிலியாவதைப் பல்லுறுப்பி என்பர். பாலிமர் என்றும் வழங்குவர். மங்கில் சேரும் ரப்பர்ப் பாலில் மிதப்பது அத்தகைய சங்கிலியே. வெட்டுக்கோட்டில் எஞ்சிய பால் உறைந்து ஒட்டுப்பாலாகிப் பட்டையின் காயத்தை மூடுகிறது. உளி ஆழப் பதிந்து மரத்தின் வளர்திசுவைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. ஆகவேதான் மரத்தில் காயம் படக்கூடாது என்று தோட்டத்தில் அத்துணைக் கண்டிப்பு இருந்தது. மரத்தின் காயத்துக்கு உதவும் அந்தப் பால், மரம் வெட்டியவனின் காயத்துக்கு உதவவில்லை. ரப்பர் மனித உடலுக்குள் கரைவதில்லை. அதிலுள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையையும் தரும்.

உடலுக்குள் தைத்த நூல் தன் வேலை முடிந்ததும் தானே கரைய வேண்டும் என்பது அறுவை மருத்துவரின் பழைய விருப்பம். ஆட்டுக் குடலிலிருந்து திரித்த நூல் அவ்வாறு கரைந்தது. 1860-களின் இறுதியில் ஜோசப் லிஸ்டர் அதனைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்துப் பயன்படுத்தினார். செயற்கைப் பல்லுறுப்பியால் ஆன கரையும் நூல்கள் 1970-களில் சந்தைக்கு வந்தன. ஆயினும் கரைதல் வேறு, பொருந்துதல் வேறு. இப்பொருள்கள் பலவற்றின் மேற்பரப்பில் நீர் எளிதில் படியாது. உயிரணுக்களுக்கும் அங்கே பற்றுக்கோடு கிடையாது. பற்ற இயலாத பொருளை உடல் அயலதாகக் கருதி, அதனைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடுகிறது.

இதற்கிடையே இயற்கையே மற்றொரு வகைப் பல்லுறுப்பியைச் செய்துவந்தது. 1926-இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் மொரீஸ் லெமுவான் என்பார், சில நுண்ணுயிர்கள் நாம் கொழுப்பைச் சேர்ப்பது போலத் தம் உடலுக்குள் ஒரு நெகிழியை மணிமணியாகச் சேர்த்து வைப்பதைக் கண்டறிந்தார். அந்த நெகிழி எளிதில் உடையும் இயல்பினது. அதனோடு நான்கு-ஹைட்ராக்சி பியூட்டரேட் என்னும் உறுப்பும் கலந்தால் மென்மையும் நெகிழ்வும் பெறும். அவ்வுறுப்பு மனித உடலிலும் இயல்பாகவே சிறிதளவு காணப்படுவது. அதனை மட்டும் கொண்டு ஆக்கிய அறுவை நூலுக்கு 2007-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

இரண்டு உறுப்பையும் கலந்து ஆக்கவல்ல நுண்ணுயிர் ஒன்றைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் கூலிம் ஏரியிலிருந்து பிரித்தெடுத்தனர். அமிருலும் அவருடன் உழைத்தோரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே கூலிம் ஏரியின் பெயர் இருக்கிறது. நுண்ணுயிருக்குத் தரும் உணவை மாற்றினால் இரண்டு உறுப்புகளின் விகிதமும், அதன்வழி நெகிழியின் மென்மையும் மாறும்.

எனினும் பற்றுக்கோட்டுச் சிக்கல் இதற்கும் உண்டு. அதனைத் தீர்க்கும் வழியின் வேர் சென்னையில் இருக்கிறது. தோல், தசைநார், எலும்பு ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் புரதம் கொலாஜன். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்ற கோ. நா. இராமச்சந்திரன், அவ்வழி வந்த ஜே. டி. பெர்னாலின் பேச்சால் தூண்டப்பெற்று அதன் வடிவத்தை ஆராய முற்பட்டார். அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்ற கங்காரு வால் தசைநாரின்மீது ஊடுகதிரைப் பாய்ச்சி, கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் சேர்ந்தமைந்த வடிவத்தை 1954-இல் வெளியிட்டார். அம்மூன்றும் கயிறுபோல் முறுக்கிக் கிடப்பதை அடுத்த ஆண்டே தெளிவாக்கினார். சங்கிலிகளைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்பின் எண்ணிக்கையில் கிரிக்கும் ரிச்சும் 1955-இல் திருத்தம் சொன்னது உண்மை. ஆனால் முப்புரி என்னும் அடிப்படைக் கருத்து சென்னையிற் பிறந்தது. ஆங்கில நூல்கள் சில இதனைச் சொல்லத் தயங்குவது முறையன்று.

1984-இல் அமெரிக்காவில் பியர்ஷ்பாகரும் ருவோஸ்லாத்தியும் மேலும் ஒன்றைக் கண்டனர். உயிரணு ஒரு பரப்பைப் பற்றிக்கொள்ளப் பெரிய புரதம் முழுவதும் வேண்டுவதில்லை. ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் அவ்வரிசையில் அமைந்த சிறு துணுக்கே போதும். பூட்டு முழுவதையும் பெயர்த்துச் செல்லாமல் சாவியை மட்டும் எடுத்துச் செல்வது போன்றது இது. கரையும் நெகிழியின் மேற்பரப்பை வேதிமுறையில் பதப்படுத்திக் கொக்கிகள் போன்ற அமினோ தொகுதிகளை உண்டாக்கி, அவற்றில் கொலாஜன் துணுக்கையோ இச்சிறு சாவியையோ பிணைக்கலாம்.

பினாங்கில் அதுவே செய்யப்பட்டது. எஸ். விக்னேஸ்வரி, அமிருல் முதலியோர் கூலிம் நுண்ணுயிர் தரும் வகை நெகிழியோடு கொலாஜன் துணுக்குகளைச் சேர்த்து ஆராய்ந்தனர். 2020-இல் வெளியான அவர்கள் கட்டுரை, மூன்று அமினோ அமிலச் சாவியை மிக நுண்ணிய இழைகளாலான பரப்பில் பிணைத்து, எலியின் இதயத்திலிருந்து பெற்ற தசையணு மரபை அதன்மேல் வளர்த்ததை விவரிக்கிறது. ஆய்வகத் தட்டில் நடந்த சோதனை அது. நோயாளியின் உடல்வரை செல்ல வேண்டிய தொலைவு பெரிது.

2018-இல் அந்த நுண்ணுயிரைப் புதிய இனமாக அறிவித்தனர். குப்ரியாவிடஸ் மலேசியென்சிஸ் என்று பெயரிட்டனர். அப்பெயரில் நாடு நிற்கிறது. கூலிம் என்னும் ஊர்ப்பெயரைக் காண 2008-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்புக்குத்தான் திரும்ப வேண்டும்.