மெய்நிகர் இயந்திர அகநோக்கு

மெய்நிகர் இயந்திர அகநோக்கு என்பது ஒரு மெய்நிகர் இயந்திரத்தினுள் நடப்பவற்றை, அதனுள் எந்த மென்பொருளையும் நிறுவாது, அதனைத் தாங்கும் ஓம்புநர் கணினியிலிருந்தே கண்காணிக்கும் நுட்பமாகும். தால் கார்ஃபிங்கல், மெண்டல் ரோசன்புளூம் ஆகியோர் 2003 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதனை முன்வைத்தனர்.

தேவை

லினக்சில் இயங்கும் செயல்முறைகளைப் பட்டியலிட பிஎஸ், டாப் முதலிய கட்டளைகள் உள்ளன. கணினியைக் கைப்பற்றிய ஊடுருவி இக்கட்டளைகளையோ கருனியையோ மாற்றித் தன் நிரல்களை மறைத்துவிட இயலும். அதன்பின் அக்கணினியிடமே அதன் நிலையைக் கேட்பதில் பயனில்லை. ஓம்புநரோ விருந்தினர் இயந்திரத்தின் நினைவகத்தை வெளியிலிருந்தே படிக்கவல்லது.

பொருள் இடைவெளி

கேவிஎம் முறையில் ஒரு விருந்தினர் இயந்திரம் ஓம்புநரின் பட்டியலில் ஒரே செயல்முறையாகவே தோன்றும். உள்ளே நூறு நிரல்கள் ஓடினும் வெளியே கிடைப்பவை வெறும் பைட்டுகளே. பீட்டர் சென், பிரையன் நோபிள் ஆகியோர் 2001 இல் இச்சிக்கலைப் பொருள் இடைவெளி எனக் குறிப்பிட்டனர்.

இதனை நிரப்ப, கருனியின் தரவமைப்புகளை அறிந்திருத்தல் வேண்டும். லினக்சு கருனி ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு பதிவை வைத்துள்ளது. இப்பதிவுகள் இருதிசைச் சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. முதற்பதிவின் முகவரி தெரிந்தால், சங்கிலியைத் தொடர்ந்து சென்று ஒவ்வொன்றின் எண்ணையும் பெயரையும் படிக்கலாம். பதிவினுள் இவை அமைந்துள்ள இடம் கருனிப் பதிப்புக்கேற்ப மாறுவதே நடைமுறையில் பெருந்தொல்லை. ஆகவே லிப்விஎம்ஐ போன்ற நூலகங்களுக்கு அந்தந்தக் கருனிக்குரிய விவரங்களை முன்கூட்டியே அளிக்கவேண்டும்.

கார்ஃபிங்கலும் ரோசன்புளூமும் உருவாக்கிய லைவ்வயர் என்னும் முன்மாதிரியில் 'பொய் கண்டறிவான்' என்றொரு கூறு இருந்தது. விருந்தினர் தரும் விவரமும் வெளியிலிருந்து கண்டதும் முரண்பட்டால் அது எச்சரிக்கும். எளியதாயினும் பயன்மிக்க கருத்து இது. எனினும் ஊடுருவி தன் பதிவைச் சங்கிலியிலிருந்தே கழற்றிவிட்டால் இரு பட்டியல்களும் ஒத்துப்போய்விடும். கழற்றிய பின்னரும் அச்செயல்முறை தொடர்ந்து ஓடும்; ஏனெனில் கருனி செயலியை ஒதுக்குவதற்கு இச்சங்கிலியைப் பயன்படுத்துவதில்லை. 2006 இல் வெளிவந்த ஆண்ட்ஃபார்ம் என்னும் ஆய்வு வேறு வழியைக் காட்டியது. செயல்முறை மாறுகையில் செயலியின் பக்க அட்டவணை முகவரியும் மாறுவதால், அம்மாற்றங்களைக் கொண்டே செயல்முறைகளை இனங்காண முயன்றது.

கொள்கலன்கள்

கொள்கலன்களில் இவ்விடைவெளி இல்லை. அவை ஓம்புநரின் கருனியையே பகிர்வதால், அவற்றின் செயல்முறைகள் ஓம்புநரின் பட்டியலிலேயே நேரடியாகத் தென்படும். எண் மட்டும் வேறுபடலாம்: கொள்கலனுள் 1 ஆக உள்ளது வெளியே 4,312 ஆக இருக்கக்கூடும்.

தனியுரிமை

அகநோக்கு காவலுக்கு உதவுவதுபோல் வேவுக்கும் உதவும். வாடகைக்குப் பெற்ற இயந்திரத்தின் நினைவகத்திலுள்ள கடவுச்சொற்களையும் ஓம்புநரை ஆள்பவர் படிக்க முடியும். 2017 இல் வெளிவந்த ஏஎம்டி எபிக் செயலிகளில் விருந்தினர் நினைவகத்தை மறையாக்கம் செய்யும் வசதி தரப்பட்டது. அதனை இயக்கினால், அகநோக்குக் கருவிகளுக்கும் அந்நினைவகம் புலப்படாது.