அடிபம்பு வந்த வழி

எங்கள் பக்கத்து ஊர்களில் இன்னும் அங்கங்கே நிற்கிறது. கோவில் முன்னால், பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டி, சிமெண்டுத் திட்டில் மூன்று காலையும் புதைத்துக்கொண்டு. பல இடங்களில் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். நாம் எல்லோரும் அடிபம்பு என்றோம், போர் பைப்பு என்றோம். அதன் பெயர் இந்தியா மார்க் 2. உலகத்திலேயே அதிகமாகப் புழங்கிய கைப்பம்பு அதுதான். ஊராட்சி ஒன்றியத்தில் பம்பு மெக்கானிக்காக 1981-ல் சேர்ந்தவன் நான். எனக்கே இந்த விஷயம் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் படிக்கிணறு. இறங்கி, கால் நனைய நின்று, குடத்தை முக்கி எடுப்பார்கள். என் அமத்தாவின் கணுக்காலுக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. நரம்புச் சிலந்தி வந்த இடம். வெள்ளை நூல் மாதிரி வெளியே வரும் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுப்பார்களாம். அறுந்தால் கால் சீழ் பிடிக்கும். புண் உள்ள காலோடு ஒருத்தர் கிணற்றில் இறங்கினால் போதும், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அடுத்த வருடம் வரும். இறங்க முடியாத கிணறு வந்தால் அந்த நோய் போய்விடும். அவ்வளவு எளிது. ஆனால் இந்தியாவில் கடைசி நோயாளி பதிவானது 1996-ல்தான்.

பாறை பூமியில் இறங்க முடியாத கிணறு எப்படி வரும்? 1966-67-ல் பீகாரில் கடும் பஞ்சம். அப்போது யுனிசெஃப், காற்றழுத்தத்தில் வேலை செய்யும் துளை இயந்திரங்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. சுத்தியலே துளைக்குள் இறங்கிப் பாறையை இடிக்கும் வகை. வெடி வைத்து மாதக்கணக்கில் தோண்டிய ஆழத்தை ஓரிரு நாளில் எட்டிவிடலாம். பிறகு மகாராஷ்டிரம், தமிழ்நாடு என்று கருங்கல் பூமி முழுக்க போர் போட்டார்கள்.

போரின் மேலே வைத்த பம்பில்தான் கோளாறு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீடுகளுக்கென்று செய்த வார்ப்பிரும்புப் பம்பின் நகல் அது. ஒரு குடும்பம் காலையும் மாலையும் நாலு வாளி அடிப்பதற்கானது. நம் ஊரில் விடியற்காலை நாலு மணிக்குக் குடம் வரிசை தொடங்கினால் இரவு வரை ஓயாது. ஆணி தேயும், கைப்பிடி ஆடும், உடையும். கயிறு போட்டுக் கட்டி அடிப்பார்கள். 1974 வாக்கில் யுனிசெஃப் கணக்கெடுத்துப் பார்த்தபோது பம்புகளில் முக்கால்வாசி ஓடவில்லை. துளை போட வந்த பணமெல்லாம் தரைக்குள் போனது போலத்தான்.

விடை டெல்லியிலிருந்தும் வரவில்லை, ஜெனீவாவிலிருந்தும் வரவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் கிறித்தவ மிஷன்காரர்கள் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பம்பு உடைந்தால் ஊர்க்காரர்கள் அவர்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அதனால் உடையாத பம்பைச் செய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. சோலாப்பூரில் ஆஸ்கர் கார்ல்சன் என்ற சுவீடன்காரர், வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகுத் தகட்டில் பம்பு செய்தார். கைப்பிடிக்கு ஒரே அச்சு, அதில் பால் பேரிங். கைப்பிடி முனையில் கால்வட்டத் துண்டு, அதன்மேல் படிந்து தொங்கும் சங்கிலி. சங்கிலி எப்போதும் செங்குத்தாகவே இழுப்பதால் உள்ளே போகும் ராடு சாய்ந்து தேயாது. நான் எத்தனையோ முறை அந்த மூடியைத் திறந்து சங்கிலிக்கு கிரீஸ் போட்டிருக்கிறேன். யோசித்தவன் கெட்டிக்காரன் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இந்த யோசனையை எடுத்து, சாதாரணப் பட்டறையிலும் ஒரே அளவில் செய்யக்கூடியதாக மாற்றும் வேலையில் மத்திய அரசு, யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் மூன்றும் சேர்ந்தன. செய்தது சென்னையில் இருந்த அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ். மாதிரிப் பம்புகளைக் கோவை வட்டாரத்தில் ஆழமான போர்களில் மாட்டி 1976-77-ல் சோதித்தார்கள். பிறகு உற்பத்தி. யாரும் காப்புரிமை வாங்கவில்லை. வரைபடம் பொதுச் சொத்து, ஐ.எஸ். 9301 என்று இந்தியத் தர எண்ணும் வந்தது. எந்தக் கம்பெனி செய்தாலும் ஒருவர் சங்கிலி இன்னொருவர் பம்புக்குப் பொருந்தும். என்னைக் கேட்டால் பணத்தைவிட இதுதான் பெரிய உதவி. வெளிநாடு தானமாகக் கொடுத்த எத்தனையோ இயந்திரங்கள் ஒரு உதிரிப்பாகம் கிடைக்காமல் ஒன்றிய அலுவலகத்துக் கொட்டகையில் துருப்பிடித்ததை நான் பார்த்தவன்.

பராமரிப்புக்கு மூன்று அடுக்கு ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்தது. ஊருக்கு ஒரு காப்பாளர், சம்பளம் கிடையாது. ஒன்றியத்துக்கு மெக்கானிக். மாவட்டத்துக்கு லாரி, முக்காலி, ஆட்களோடு ஒரு குழு. காப்பாளரிடம் விலாசம் எழுதிய தபால் அட்டைகள் கொடுத்திருப்பார்கள். பம்பு நின்றால் ஒன்றைப் பெட்டியில் போட வேண்டும்.

1983 கோடை. மழை இல்லாத வருடம். ஒரு ஊரிலிருந்து அட்டை வந்தது. போய்ப் பார்த்தேன். கீழே சிலிண்டரில் தோல் வாஷர் தேய்ந்துவிட்டது. வாஷர் விலை ஐந்து ரூபாய்கூட இருக்காது, என் பையிலேயே இருந்தது. ஆனால் அதை மாற்ற நூற்று முப்பது அடி இரும்புக் குழாயையும் மேலே இழுக்க வேண்டும். பத்தடிக் குழாய் பதிமூன்று, உள்ளே தண்ணீரோடு. லாரி வராமல் முடியாது. எழுதிக் கொடுத்தேன். லாரிக்கு டீசல் இல்லை, பிறகு டிரைவர் இல்லை, பிறகு வேறு பக்கம் போயிருக்கிறது. இரண்டாவது அட்டை வந்தது, மூன்றாவதும் வந்தது. மூன்றாவது அட்டையில் பெண்கள் மறுபடி படிக்கிணற்றுக்குப் போகிறார்கள் என்று எழுதியிருந்தது.

லாரி போனது 26-ஆம் நாள். அதற்குள் அந்த ஊரில் வாந்தி பேதி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன குழந்தைகளில் ஒரு பெண் குழந்தை திரும்பவில்லை. காப்பாளராக இருந்த பையன் என்னைத் திட்டவில்லை. "அண்ணா, இன்னும் ரெண்டு கார்டுதான் இருக்கு, புதுசு வேணும்" என்று மட்டும் கேட்டான். பதிவேட்டில் 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எத்தனை நாள் ஆயிற்று என்று எழுத அதில் கட்டமே கிடையாது.

ஐ.நா. சபை 1981 முதல் 1990 வரையிலான பத்தாண்டைக் குடிநீர், சுகாதாரப் பத்தாண்டு என்று அறிவித்திருந்த காலம் அது. நான் அதைச் செய்தித்தாளில் படித்ததோடு சரி. ஆனால் அந்தப் பத்தாண்டின் ஒரு வேலை எங்கள் பக்கமே நடந்தது. உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 1983 முதல் 1988 வரை கோவை வட்டாரத்தில் பம்புகளை எண்ணி எண்ணிச் சோதித்தன. எது எத்தனை நாளில் தேய்கிறது, ஒவ்வொரு பழுதுக்கும் எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று குறித்தார்கள். எங்கள் பதிவேட்டில் இல்லாத கட்டம் அவர்கள் தாளில் இருந்தது.

முடிவில் தோல் வாஷர் போய் நைட்ரைல் ரப்பர் வந்தது. அது பல மடங்கு உழைத்தது. அடுத்து மார்க் 3. கீழே போகும் குழாயை அகலமாக்கி, சிலிண்டரின் வாயைத் திறந்தபடி விட்டார்கள். ராடை மட்டும் இழுத்தால் பிஸ்டன் குழாய் வழியாகவே மேலே வந்துவிடும். முதல் முறை அதைச் செய்து காட்டியபோது நானும் நின்றேன். இரண்டு பேர், சில ஸ்பேனர்கள், லாரி இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வாஷர் மாற்றித் தண்ணீர் அடித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

1990-களின் நடுவில் உலகம் முழுக்க 50 லட்சம் மார்க் 2 பம்புகள் செய்து மாட்டியிருந்தார்கள். உகாண்டாவில் அதே பம்பு யூ 2, யூ 3 என்ற பெயரில் அந்த நாட்டுத் தரமாகவே ஆனது. எல்லா இடத்திலும் வாழ்ந்ததா என்றால் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அமிலத் தன்மையுள்ள தண்ணீர் இரும்புக் குழாயை அரித்து, செம்பழுப்பாக வந்தது. இங்கேயே தர்மபுரிப் பக்கம் ஆழத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு. கிருமிக்குப் பயந்து போர் போட்டோம், அது பிள்ளைகளின் பல்லில் கறையாக வந்தது.

மார்க் 2 பம்பு ஏறக்குறைய 150 அடி வரைதான் இழுக்கும். எங்கள் பக்கம் இப்போது ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் அந்த ஊரில் காரை நிறுத்தச் சொன்னேன். பம்பு நிற்கிறது. பக்கத்தில் சின்டெக்ஸ் தொட்டி, குழாய். கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தேன். கீழே தண்ணீர் இல்லை, ஆனால் பேரிங் ஆடவில்லை. திட்டில், சிமெண்டு ஈரமாக இருந்தபோது யாரோ குச்சியால் எழுதிய 1979 அப்படியே இருக்கிறது.