சார்ஜரைக் கழட்டினா லேப்டாப் ஆஃப் ஆகுதா? புது பேட்டரி வாங்கும் முன் இதைச் செக் பண்ணுங்க

திருவண்ணாமலை: ஆன்லைன் விண்ணப்பம் பாதி நிரப்பியிருப்போம். பட்டென கரண்ட் போகும். ஃபேனோடு சேர்ந்து லேப்டாப்பும் நின்றுவிடும். சார்ஜர் சொருகியிருந்தால் மட்டும் ஓடும் லேப்டாப் வைத்திருக்கும் மாணவர்களுக்கு இது பழகிப்போன கதை. பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்படும் நாளில் அந்த லேப்டாப்பைத் திறக்கவே முடியாது.

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அப்போது அண்ணனோ அக்காவோ வாங்கியதைத் தம்பி, தங்கைகள் இன்னும் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. அத்தனை பழைய லேப்டாப் என்றால் பேட்டரி தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லா லேப்டாப்பிலும் காரணம் பேட்டரிதான் என்று சொல்லிவிட முடியாது.

ஏன் இப்படி ஆகிறது?

சார்ஜரில் இருந்து வரும் மின்சாரம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, லேப்டாப்பை ஓட்டுவது. இன்னொன்று, பேட்டரியை நிரப்புவது. முதல் வேலை நடந்து, இரண்டாவது மட்டும் நின்றுபோகலாம். அதற்கு பேட்டரி, சார்ஜர், சாஃப்ட்வேர், மதர்போர்டு என நான்கில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

முதலில் இதைப் பாருங்க

லேப்டாப்பின் அடிப்பகுதி உப்பியிருக்கிறதா? டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா? மேஜையில் வைத்தால் ஆடுகிறதா? ஆம் என்றால் பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே ஆஃப் செய்து சார்ஜரைக் கழட்டுங்க. அழுத்தவோ, குத்தவோ, நெம்பி எடுக்கவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க.

வீக்கம் இல்லையா? வரிசையாகச் செக் பண்ணலாம்.

1. பேட்டரி ஐகான்: திரையின் கீழே வலது மூலையில் இருக்கும் ஐகானைத் தொட்டுப் பாருங்க. 60 அல்லது 80 சதவீதத்திலேயே நின்றால் அது பழுதாக இருக்காது; பேட்டரி ஆயுளைக் காக்கும் செட்டிங் ஆன் ஆகியிருக்கலாம். 100 காட்டியும் சார்ஜரைக் கழட்டிய நொடியே அணைந்தால், பேட்டரி தேய்ந்ததற்கான அறிகுறி. 0 சதவீதத்திலேயே நின்றால் அடுத்ததைப் பாருங்க.

2. சார்ஜர்: லேப்டாப்புக்கு 65 வாட்ஸ் தேவை என்று வைத்துக்கொள்வோம். 45 வாட்ஸ் சார்ஜர் போட்டால் லேப்டாப் ஓடலாம், ஆனால் பேட்டரிக்கு மிச்சம் இல்லாமல் போகலாம். சில லேப்டாப்கள் தங்கள் கம்பெனி சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் சார்ஜர் வாங்கி அரை மணி நேரம் போட்டுப் பாருங்க. செலவில்லாத சோதனை இது.

3. பவர் ரீசெட்: ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழட்டுங்க. கழட்டக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிடுங்க. பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி ஆன் செய்யுங்க.

4. டிரைவர்: விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் திறந்து, பேட்டரீஸ் பகுதியில் 'கண்ட்ரோல் மெத்தட் பேட்டரி' என முடியும் வரியை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்க. விண்டோஸ் தானாகவே அதை மறுபடி நிறுவிக்கொள்ளும்.

5. பேட்டரி ரிப்போர்ட்: கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'பவர்சிஎஃப்ஜி', ஒரு இடைவெளி, ஸ்லாஷ், 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்க. ரிப்போர்ட் எங்கே சேமிக்கப்பட்டது என்று அங்கேயே காட்டும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்ற இரண்டு எண்களை ஒப்பிடுங்க. முதலாவது 41,000, இரண்டாவது 12,000 என்றால் 30 சதவீதம்கூட மிச்சமில்லை. அப்போது பேட்டரி மாற்றுவதில் அர்த்தம் உண்டு. இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால், சார்ஜிங் போர்ட்டிலோ மதர்போர்டிலோ கோளாறு இருக்கலாம். புது பேட்டரி வாங்கினால் காசு வீண்.

கடைக்குப் போகும்போது இந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்துக்கொண்டு போங்க. "பேட்டரி போச்சு" என்று சொன்னால், எண்ணைக் காட்டிக் கேட்கலாம்.

பேட்டரி மாற்ற இப்போது காசு இல்லையா?

வீக்கம் இல்லாத வரை சார்ஜரிலேயே ஓட்டலாம். கழட்டக்கூடிய பழைய பேட்டரியை எடுத்துவிட்டும் பல மாடல்கள் ஓடும். வீட்டு இன்வெர்ட்டரிலோ சிறிய யுபிஎஸ்ஸிலோ இணைத்தால், கரண்ட் போனதும் வேலையைச் சேமித்து மூட நேரம் கிடைக்கும். ஆட்டோ சேவ் ஆன் செய்து வையுங்க.

புது பேட்டரி போட்ட பிறகு?

லித்தியம் பேட்டரிக்கு சூடு எதிரி. கோடை வெயிலில் மெத்தை மேல் வைத்து, நாள் முழுக்க 100 சதவீதத்தில் சொருகியே வைத்தால் சீக்கிரம் தேயும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்க.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீங்க. அதை மற்ற குப்பையோடு கலக்கக் கூடாது என்று 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. புது பேட்டரி வாங்கும் கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு ஒப்படையுங்க.