நெல் குலை நோய்ப் பூஞ்சை: நெருக்கடிச் சமிக்ஞைகளும் தொற்றும் முறையும்

நெல் குலை நோய், மேக்னபோர்த்தே ஒரைசே என்னும் பூஞ்சையால் வருவது. இதன் இன்னொரு பெயர் பைரிகுலேரியா ஒரைசே. இலை, கணு, கதிரின் கழுத்து ஆகிய மூன்றையும் இது தாக்கும். இலையில் நடுப்பகுதி சாம்பல் நிறமும் ஓரம் பழுப்பு நிறமுமாக, இரு முனையும் கூர்ந்த கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். கழுத்தில் தாக்கினால் மணி பால் பிடிக்காமல் பதராகி, கதிர் ஒடிந்து தொங்கும். 1919இல் தஞ்சாவூர் டெல்டாவில் இந்நோய் பெரும் சேதம் விளைவித்தது. கோதுமையைத் தாக்கும் வகை 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கண்டறியப்பட்டு, 2016இல் வங்கதேசத்தில் பரவியது.

ஒட்டுதலும் முளைத்தலும்

இதன் வித்து மூன்று செல்களால் ஆனது. ஈரம் பட்டதும் நுனியிலிருந்து பசை கசிந்து வித்தை இலையோடு ஒட்டவைக்கும். ஓரிரு மணி நேரத்தில் முளைக்குழல் நீள்கிறது. பரப்பு கடினமாகவும் நீர் ஒட்டாததாகவும் இருந்து, வெளியிலிருந்து உணவும் கிடைக்காதபோது, குழலின் நுனி பருத்து அப்பிரசோரியம் என்னும் குமிழாகிறது. அதன்பின் வித்தின் மூன்று செல்களும் தம்மைத் தாமே செரித்துக்கொண்டு மடிகின்றன; அவற்றின் சத்து குமிழுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தத் தன்செரிமானத்தைத் தடுத்துவிட்டால் பூஞ்சையால் இலைக்குள் நுழைய முடியாது.

துளைக்கும் அழுத்தம்

குமிழின் சுவரில் மெலனின் படிந்து, உள்ளே சேரும் கிளிசராலை வெளியேற விடாமல் தடுக்கிறது. தண்ணீர் உள்ளே புகப் புக அழுத்தம் சுமார் 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. இது கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு. அழுத்தம் போதிய அளவை எட்டியதை எஸ்எல்என்1 என்னும் உணரி அறிகிறது. அப்போது குமிழின் அடியில் செப்டின் புரதங்கள் வளையமாகத் திரள, அங்கிருந்து மெல்லிய ஊடுருவு முனை இலைத்தோலைத் துளைக்கிறது.

மூன்று கைனேஸ் பாதைகள்

ஈஸ்ட்டில் இனச்சேர்க்கை, சுவர்ப் பாதுகாப்பு, உப்பு நெருக்கடி ஆகியவற்றைக் கவனிக்கும் மூன்று மேப் கைனேஸ் (செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் நொதி) பாதைகளுக்கு இணையானவை இப்பூஞ்சையிலும் உண்டு. முதலாவது பிஎம்கே1. இது இல்லாத பூஞ்சை குமிழை உருவாக்காது. காயம்பட்ட இலையிலும் நோய் உண்டாக்காது. ஒரு நெற்செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பரவவும் இதுவே தேவை. இரண்டாவது எம்பிஎஸ்1. இது இல்லாவிட்டால் குமிழ் உருவாகும், ஆனால் துளைக்காது. மூன்றாவது ஓஎஸ்எம்1. இதை நீக்கினால் பூஞ்சை உப்புச் சூழலில் தவிக்கும். ஆனாலும் குமிழில் அழுத்தம் குறையாது, நோயும் வரும். வெளியிலுள்ள உப்பைச் சமாளிக்கும் வழியும், தாக்குவதற்கான அழுத்தத்தை உண்டாக்கும் வழியும் வேறு வேறு என்பதை இது காட்டுகிறது. ஆகவே நெருக்கடிப் பாதைகள் எல்லாமே நோயைத் தடுக்கும் இலக்குகள் ஆகிவிடா. எது தொற்றுக்கு இன்றியமையாதது என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்தே அறிய வேண்டும்.

செடியின் எதிர்ப்பு

பூஞ்சைச் சுவரிலுள்ள கைட்டின் துணுக்குகளை உணர்ந்ததும் நெற்பயிர் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் சேர்மங்களைச் சுரக்கும். பூஞ்சை அவற்றைத் தன் நொதிகளால் முறிக்கிறது. எஸ்எல்பி1 என்னும் புரதத்தைச் சுரந்து கைட்டின் துணுக்குகளைப் பற்றிக்கொண்டு, செடி அவற்றை அறியாதபடியும் செய்கிறது.

கோயம்புத்தூரில் உருவான கோ 39 ரகம் குலை நோய்க்கு எளிதில் ஆளாவதால், உலகெங்கும் இந்நோய் ஆய்வுகளில் பயன்படுகிறது. ஆயினும் அதிலும் ஓர் எதிர்ப்பு மரபணு உண்டு. அது அடையாளம் காணும் பூஞ்சைப் புரதத்தின் பெயர் ஏவிஆர்1-கோ39. நெல்லைத் தாக்கும் பூஞ்சை வகைகளில் பெரும்பாலானவற்றில் இந்தப் புரதம் இல்லாததால்தான் ரகம் நோய்க்கு ஆளாகிறது.

மேலாண்மை

டிரைசைக்ளசோல் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. பூஞ்சை சாகாவிட்டாலும் குமிழில் அழுத்தம் நிற்காததால் துளைக்க முடியாமல் போகிறது. ஆகவே தொற்றுக்கு முன் தெளித்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். தழைச்சத்து மிகுந்த பயிரிலும், இரவுக் குளிரோடு பனி நீடிக்கும் காலத்திலும் நோய் வேகமெடுக்கும். சம்பா, தாளடிப் பயிர்களில் யூரியாவைப் பிரித்து இடுவது அவசியம். ஒரே எதிர்ப்பு மரபணுவை நம்பிய ரகத்தைப் பூஞ்சை ஒரு புரதத்தை இழந்தே வென்றுவிடலாம் என்பதால், பல எதிர்ப்பு மரபணுக்களை ஒரே ரகத்தில் சேர்ப்பதே நீடித்த பாதுகாப்பு.