சுக்கானைப் பிடித்த இரும்புக் கை

கடலில் நேராகப் போவதுதான் கஷ்டம். சாலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாலே கார் கொஞ்ச தூரம் நேராகப் போய்விடும். டயருக்கும் தாருக்கும் நடுவே ஒரு பிடிப்பு இருக்கிறது. கப்பலுக்கு அந்த வசதி இல்லை. அலை மூக்கைத் தள்ளும், காற்று பக்கவாட்டில் அழுத்தும், நீரோட்டம் மொத்தக் கப்பலையும் சத்தமில்லாமல் நகர்த்திவிடும். சுக்கானைத் திருப்பினால் உடனே ஒன்றும் நடக்காது. கொஞ்சம் கழித்துத்தான் மூக்கு மெல்லத் திரும்பும். திரும்ப ஆரம்பித்த பிறகு சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்தாலும் நிற்காது. ஆயிரக்கணக்கான டன் எடை தன் போக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

புதிதாகச் சுக்கான் பிடிப்பவர் திசைகாட்டி முள்ளைத் துரத்துவார். முள் வலதுபக்கம் போனால் இடதுபக்கம் திருப்புவார். அது சரியான இடத்துக்கு வந்ததும் நிறுத்துவார். அதற்குள் கப்பல் மறுபக்கம் தாண்டியிருக்கும். பின்னால் நுரையைப் பார்த்தால் பாம்பு போன தடம் மாதிரி இருக்கும். பழகியவர் வேறு மாதிரி செய்வார். கப்பல் சரியான திசைக்கு வந்து சேரும் முன்னாலேயே சுக்கானை எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி அந்தச் சுழற்சியை அடக்கிவிடுவார். அது எப்படி என்று கேட்டால், "கையிலே தெரியும்" என்பதுதான் பதிலாக இருக்கும்.

அந்தக் 'கையிலே தெரியும்' என்பதைச் சமன்பாடாக எழுதியவர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி. 1885இல் ரஷ்யாவில் பிறந்தவர், அந்நாட்டுக் கடற்படையில் பணியாற்றியவர். புரட்சிக்குப் பிறகு 1918இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். சுக்கான் பிடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து, 1922இல் அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: நல்ல சுக்கான்காரர் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது? எவ்வளவு வேகமாக விலகிக்கொண்டிருக்கிறது? இவ்வளவு நேரமாக ஒரே பக்கமாகவே விலகிக்கொண்டிருக்கிறதா? முதல் கேள்வி நிகழ்காலம், இரண்டாவது வருங்காலம், மூன்றாவது கடந்தகாலம்.

பொறியியல் படித்தவர்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். ஆமாம், பிஐடி கண்ட்ரோலர்தான். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன அதே மூன்று எழுத்துகள். இன்று ஏசி அறையிலும் ட்ரோனிலும் ரசாயன ஆலையிலும் ஓடுகிற அந்தச் சூத்திரத்துக்கு முதலில் தெளிவான கணித வடிவம் கிடைத்தது ஒரு மாலுமியின் கையைப் பார்த்துத்தான்.

1923இல் நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் சோதனை நடந்தது. வேகத்தைக் கணக்கில் எடுக்காதபோது கப்பல் 2 டிகிரி அளவுக்கு இரு பக்கமும் ஆடியது. அதையும் சேர்த்தபோது ஆட்டம் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. பெரும்பாலான மனிதர்களால் முடியாத துல்லியம் அது. ஆனாலும் கடற்படை அந்தக் கருவியை ஏற்கவில்லை. கப்பலில் வேலை செய்தவர்களின் எதிர்ப்பும் அதற்கு ஒரு காரணம். மினோர்ஸ்கி 1930இல் தன் காப்புரிமையை ஒரு நிறுவனத்துக்கு விற்றார்.

அதே காலத்தில் சந்தையைப் பிடித்தவர் எல்மர் ஸ்பெர்ரி. சுழலும் சக்கரத்தை வைத்து வடக்கைக் காட்டும் கைரோ திசைகாட்டியைக் கப்பல்களுக்கு விற்றுவந்தவர். 1920களின் தொடக்கத்தில் அதோடு ஒரு மோட்டாரை இணைத்துத் தானியங்கிச் சுக்கானை உருவாக்கினார். மாலுமிகள் அதற்கு வைத்த பெயர் 'மெட்டல் மைக்'. நம்ம ஊர் வழக்கில் சொன்னால் 'இரும்பு மாணிக்கம்'. பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆளைப் போல அதை நினைத்தார்கள். அலுக்காத ஆள், தூங்காத ஆள், டீ கேட்காத ஆள்.

*

கதையை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். ஏனென்றால் சுக்கானுக்கும் கைக்குமான உறவு அறுந்தது மினோர்ஸ்கிக்கு முன்பே.

சிறிய படகில் சுக்கான் கட்டையை நேரடியாகப் பிடிக்கிறோம். தண்ணீரின் அழுத்தம் உள்ளங்கைக்கு வந்துவிடும். கப்பல் பெரிதாகப் பெரிதாக அது முடியாமல் போனது. 1858இல் நீரில் இறங்கிய கிரேட் ஈஸ்டர்ன் 211 மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய கப்பலைத் திருப்ப மனித பலம் போதாமல், 1860களில் அதற்கு நீராவியால் இயங்கும் சுக்கான் இயந்திரம் பொருத்தப்பட்டது. வடிவமைத்தவர் மெக்ஃபார்லேன் கிரே. சக்கரம் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு மட்டும் சுக்கான் திரும்பி நிற்கும்படி அதில் ஏற்பாடு இருந்தது. பிரான்சில் ஃபார்கோ என்ற பொறியாளர் இதே வகை இயந்திரங்களைப் பற்றி 1873இல் ஒரு நூல் எழுதி, 'செர்வோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தார். அதன் வேர்ச்சொல்லுக்கு அடிமை என்று பொருள்.

அடுத்து வந்தது டெலிமோட்டர். மேல்தளத்தில் சக்கரத்தைத் திருப்பினால் குழாய்க்குள் இருக்கும் திரவம் அந்த அசைவைக் கப்பலின் பின்பக்கம் வரை கொண்டுபோகும். டைட்டானிக்கில் இருந்தது இதுதான். இன்றும் கடலடியில் அந்தக் கப்பலின் கட்டுப்பாட்டு மேடையில், மரமெல்லாம் அழிந்துபோன பிறகும், டெலிமோட்டரின் வெண்கலத் தண்டு மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

இன்றைய மோட்டார் படகுகளின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் அதன் பேரப்பிள்ளை. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பம்ப். அதிலிருந்து இரண்டு குழாய்கள், பின்பக்கத்தில் ஒரு சிலிண்டர். சக்கரத்தைத் திருப்பினால் எண்ணெய் ஒரு குழாய் வழியே போய் சிலிண்டரைத் தள்ளும், மறு குழாய் வழியே திரும்பும். இதில் ஆட்டோபைலட் பொருத்துவது என்றால், அந்த இரண்டு குழாய்களிலும் டீ இணைப்பு போட்டு, இரு திசையிலும் சுற்றக்கூடிய ஒரு மின்சார பம்பைச் சேர்க்க வேண்டும். சக்கரத்தின் எண்ணெய்த் தொட்டிக்கு மூன்றாவதாக ஒரு குழாய். பம்பின் அளவு சிலிண்டரின் கொள்ளளவுக்குப் பொருந்த வேண்டும். சிறியதாக இருந்தால் சுக்கான் சோம்பலாக நகரும், பெரிதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் தாண்டிப்போகும்.

பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். ஒரு குமிழி மிச்சமிருந்தால் கட்டளைக்கும் அசைவுக்கும் நடுவே தாமதம் வந்துவிடும். கண்ட்ரோலர் ஏற்கனவே நடந்து முடிந்ததைத் திருத்தப் பார்க்கும். படகு பாம்பாகும். திசைகாட்டி உணரியை ஸ்பீக்கருக்கும் எஞ்சினுக்கும் பக்கத்தில் வைக்கக்கூடாது. காந்தம் பொய் சொல்ல வைக்கும். எல்லாம் முடிந்ததும் அமைதியான நீரில் மெதுவாக வட்டமடித்து, படகின் இரும்பு எவ்வளவு குழப்புகிறது என்று அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அமைப்புத் திரையைத் திறந்தால் மினோர்ஸ்கி உட்கார்ந்திருப்பார்: விலகலுக்கு எவ்வளவு திருப்புவது, எதிர்ச்சுக்கான் எவ்வளவு, ஒரே பக்கம் தள்ளும் காற்றுக்கு எவ்வளவு ஈடு.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விஷயம். சக்கரத்தின் பம்பில் எண்ணெய் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வுகள் உண்டு. அதனால் ஆட்டோபைலட் சுக்கானைத் திருப்பும்போது பல படகுகளில் சக்கரம் அசையவே அசையாது. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் படகு சும்மா போவது போலத்தான் தெரியும். கீழே சுக்கான் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். கைக்கு அது தெரியாது.

*

கைக்குத் தெரியாமல் போவதன் விலை என்ன?

1967 மார்ச் 18. டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 1,19,000 டன் கச்சா எண்ணெயோடு இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை நெருங்கியது. துறைமுகத்தில் கடலேற்றத்தைத் தவறவிடக் கூடாது என்ற அவசரம். பாறைகளைப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பியபோது கப்பல் திரும்பவில்லை. சக்கரமா, ஆட்டோபைலட்டா என்று தேர்ந்தெடுக்கும் நெம்புகோல் வேறொரு நிலையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது நேரம் கடந்துவிட்டது. அவசரமும் வழித்தேர்வும்தான் அடிப்படைக் காரணங்கள். ஆனால் கடைசி நிமிடங்களில் சுக்கானோடு தொடர்பற்ற ஒரு சக்கரத்தை மனிதர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

1995இல் நடந்தது இன்னும் அமைதியான விபத்து. ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் ஜூன் 9 அன்று பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. கப்பலில் 1,509 பேர். கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை. வேகத்தையும் திசையையும் வைத்து 'இந்நேரம் இங்கே இருப்போம்' என்று ஊகிக்க ஆரம்பித்தது. திரையில் 'டிஆர்' என்று இரண்டு சின்ன எழுத்துகள், அவ்வளவுதான். ஆட்டோபைலட் அந்த ஊகத்தை உண்மையென்று நம்பி, மிகத் துல்லியமாக, தவறான பாதையில் ஓட்டியது. 34 மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. இருக்க வேண்டிய மிதவை கண்ணில் படவில்லை, ஆனாலும் கடந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. திரைதான் சொல்கிறதே! ஜூன் 10 இரவு, பாதையிலிருந்து சுமார் 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவுக்கு அருகே மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை பயங்கரமாகப் பரிச்சயமானது. டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, உள்ளே வருகிற தரவு செத்து மணிக்கணக்காகியிருக்கும். நாம் தினமும் உச்சரிக்கும் குபர்நெட்டிஸ் என்ற பெயரே கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்தான். நார்பர்ட் வீனர் 1948இல் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று தன் துறைக்குப் பெயர் வைத்தபோது எடுத்ததும் அதே சொல்லைத்தான். தமிழில் மீகாமன் என்றொரு அழகான சொல் இருக்கிறது. யாராவது ஒரு சர்வருக்கு அந்தப் பெயரை வைக்கலாம்.

அப்படியானால் நியூ மெக்சிகோ கப்பலின் ஆட்கள் எதிர்த்தது சரியா? அப்படிச் சொல்ல மாட்டேன். நாலு மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் கண் அடிவானத்தில் வரும் கப்பலைப் பார்க்காமல் போகலாம். இரும்புக் கை சுக்கானை வாங்கிக்கொண்டால் கண்ணுக்கு விடுதலை. அந்த ஒப்பந்தம் நியாயமானது. ஆனால் கையைக் கொடுத்தபோது கண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். அது ஒப்பந்தத்தில் இல்லாதது.

கடல் விதிகள் இதைப் புரிந்துவைத்திருக்கின்றன. நெரிசலான நீரிலும் பனிமூட்டத்திலும் ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் கணமே கைக்கு மாற முடிய வேண்டும் என்கிறது சர்வதேச ஒப்பந்தம். நீண்ட நேரம் அதை ஓடவிட்ட பிறகு, கைச்சுக்கான் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. எழுத்தில் அது சோதிக்கச் சொல்வது இயந்திரத்தை. சக்கரத்தைப் பிடித்துப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில், பிடிப்பவரின் கைக்கும் அது ஒரு சோதனைதான்.