கலாம் இல்லம், ராமேஸ்வரம்

ராமநாதபுரம் மாவட்டம் ராமேஸ்வரம் நகரின் பள்ளிவாசல் தெருவில் உள்ள பூர்வீக வீடு. அறிவியலாளரும் நூலாசிரியரும் இந்தியாவின் 11-ஆம் குடியரசுத் தலைவருமான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் (15 அக்டோபர் 1931 – 27 ஜூலை 2015) வளர்ந்த இடம். அவருடைய குடும்பத்தார் வசிக்கும் இந்த வீட்டின் ஒரு பகுதி பொதுமக்களுக்கான காட்சியகமாக இயங்குகிறது. தமிழ்நாட்டில் எழுத்தாளர் நினைவில்லங்கள் பெரும்பாலும் அரசின் பொறுப்பில் இருக்கின்றன. எழுத்தாளரின் குடும்பமே குடியிருந்துகொண்டு பார்வையாளர்களை வரவேற்கும் வீடு என்ற வகையில் இது தனித்து நிற்கிறது.

கலாமை எழுத்தாளர் என்பதைவிட ஏவுகணை அறிவியலாளர் என்றே பலர் அறிவர். ஆனால் இந்த வீட்டை நாடறியச் செய்தது ராக்கெட் அல்ல, ஒரு புத்தகம். அருண் திவாரியுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதி 1999-இல் வெளியிட்ட தன்வரலாறு, மு. சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் ‘அக்னிச் சிறகுகள்’ என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்ற அந்த நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே பள்ளிவாசல் தெரு வீடு வந்துவிடுகிறது.

பின்னணி

ராமநாதபுரம் கடற்கரை புலவர்களைப் போற்றிய பகுதி. சேதுபதி மன்னர்களின் அவையில் தமிழ்ப் புலவர்கள் ஆதரிக்கப்பட்டனர். அவ்வரச மரபைச் சேர்ந்த பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். கீழக்கரை வணிகர் சீதக்காதியின் பெயர், ‘சீறாப்புராணம்’ பாடிய உமறுப்புலவரின் புரவலர் என்று இலக்கிய வரலாற்றில் நிலைத்தது. தாயுமானவர் அடக்கமான இடம் ராமநாதபுரத்தை அடுத்த இலட்சுமிபுரத்தில் வழிபாட்டுத் தலமாக விளங்குகிறது. இவ்வாறு இந்தக் கரையில் புலவருக்கு நினைவிடம் என்றால் சமாதியோ மண்டபமோதான். அவர் உண்டு உறங்கிய வீட்டைக் காப்பாற்றி வைக்கும் வழக்கம் இருக்கவில்லை.

எழுத்தாளரின் வீட்டைப் பொதுச் சொத்தாகக் கருதும் எண்ணம் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஸ்ட்ராட்போர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு 1847-இல் ஏலத்துக்கு வந்தபோது, மக்களிடம் நிதி திரட்டி 3,000 பவுனுக்கு அதை வாங்கினார்கள். வைமர் நகரில் கதேயின் வீடு, அவருடைய கடைசிப் பேரன் 1885-இல் இறந்தபின் அரசிடம் வந்து அருங்காட்சியகமானது.

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் பாரதியை ஒட்டி வளர்ந்தது. எட்டயபுரத்தில் கல்கி முன்னின்று திரட்டிய பொதுமக்கள் நன்கொடையால் எழுந்த பாரதி மணிமண்டபத்தை ராஜாஜி 1947-இல் திறந்துவைத்தார். அது புதிதாகக் கட்டிய மண்டபம். வீடுகளின் முறை அதன் பிறகே வந்தது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு நினைவில்லமாயிற்று. சென்னை திருவல்லிக்கேணியில் அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டை அரசு வாங்கிப் புதுப்பித்து 1993-இல் பாரதியார் இல்லமாக்கியது. 1908 முதல் 1918 வரை அவர் தங்கியிருந்த புதுச்சேரியிலும், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடும் பெருமாள் கோயில் தெருவிலுள்ள பாரதிதாசன் வீடும் அருங்காட்சியகங்களாயின. தப்பாத வீடுகளும் உண்டு. உ.வே. சாமிநாதையர் பல்லாண்டுகள் வாழ்ந்து சுவடிகளைப் பதிப்பித்த திருவல்லிக்கேணித் ‘தியாகராச விலாசம்’ 2012-இல் இடிக்கப்பட்டது.

வீடும் தெருவும்

கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் படகு உரிமையாளர், உள்ளூர்ப் பள்ளிவாசலின் இமாம். தாய் ஆஷியம்மா. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்ட, ஓரளவு பெரிய கல்வீடு என்று கலாம் தன் வீட்டை விவரிக்கிறார். கூட்டுக் குடும்பம். குடும்பத்தாரைவிட அன்றாடம் வந்து சாப்பிட்டுப் போகும் வெளியாட்களே அதிகம் என்பது அவருடைய நினைவு.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ராமநாதசுவாமி கோயில். தீர்த்தமாட வருகிறவர்களை நம்பியே ஊர் பிழைத்தது. கலாமின் பள்ளித் தோழர்களான ராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவப்பிரகாசன் மூவரும் பின்னாளில் முறையே கோயில் அர்ச்சகராகவும், யாத்திரிகர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்பவராகவும், ரயில்வேக்கு உணவு வழங்கும் ஒப்பந்தக்காரராகவும் ஆனார்கள். கலாம் குடும்பத்தின் தொழிலும் இதே வழியில்தான் நடந்தது. தந்தை கட்டிய படகு, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றது. சீதா கல்யாண விழாவில் சுவாமியை ராமதீர்த்தக் குளத்தின் நடுவுக்குக் கொண்டுபோக மேடை கட்டிய படகுகளைக் கொடுத்தது இந்தக் குடும்பம். ஓர் அண்ணன் ரயில் நிலையத்தருகே மளிகைக் கடை வைத்திருந்தார். தம்பி சிப்பி, சங்குப் பொருட்கள் விற்றார்.

சிறுவன் கலாமும் சம்பாதித்தான். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென மதிப்பு கூடியது. அதைப் பொறுக்கிப் பள்ளிவாசல் தெரு மளிகைக் கடையில் போட்டு ஓரணா பெற்றான். போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தானதால், ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளைத் தள்ளிவிட்டார்கள். அவற்றைப் பிடித்துக் கொடுப்பதில் ஒன்றுவிட்ட சகோதரர் சம்சுதீனுக்கு உதவியதே தன் முதல் கூலி என்று கலாம் எழுதுகிறார். பள்ளிப் படிப்பைத் தொடர ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது அவர் வீட்டை விட்டுப் பிரிந்தார். பிறகு திருச்சி புனித ஜோசப் கல்லூரி, சென்னை எம்.ஐ.டி., தும்பா, ஹைதராபாத், டெல்லி என்று வாழ்க்கை வெளியூர்களிலேயே கழிந்தது.

எனவே இந்த வீட்டில் கலாம் எழுதிய நூல் எதுவுமில்லை. அவருடைய எழுத்துக்குச் சரக்கு தந்த வீடு இது. 2013-இல் வந்த நினைவுக் கட்டுரைத் தொகுப்பில் அவர் திரும்பவும் தந்தையின் காலை நடை, படகு, தாய், தமக்கை, மைத்துனர் ஜலாலுதீன் என்று இதே தெருவுக்கு வந்தார்.

காட்சியகமான வரலாறு

கலாம் 2002-இல் குடியரசுத் தலைவரானதும் பள்ளிவாசல் தெருவுக்குப் பார்வையாளர்கள் வரத் தொடங்கினர். கோயிலில் தீர்த்தமாடி முடித்தவர்களை ஆட்டோக்காரர்கள் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போகும் வழியில் இந்த வீட்டையும் காட்டினார்கள். அப்போது வீட்டின் தலைவராக இருந்தவர் கலாமின் மூத்த அண்ணன் முத்து மீரான் லெப்பை மரைக்காயர். நூறு வயதைக் கடந்து வாழ்ந்த அவர் 2021 மார்ச்சில் காலமானார்.

பழைய வீடு காலப்போக்கில் மாற்றிக் கட்டப்பட்டு மாடிகளோடு எழுந்தது. கலாம் உயிருடன் இருந்தபோதே முதல் மாடியில் ‘மிஷன் ஆஃப் லைஃப்’ என்ற பெயரில் காட்சிக்கூடம் அமைந்தது. கீழ்த்தளத்தில் குடும்பம் வசிக்க, பார்வையாளர்கள் குறுகலான படிக்கட்டில் ஏறி மேலே செல்கிறார்கள். புகைப்படங்கள், விருதுகள், பட்டங்கள், கடிதங்கள், நூல்கள் ஆகியவை அங்கே உள்ளன. 1981-இல் பத்மபூஷண், 1990-இல் பத்மவிபூஷண், 1997-இல் பாரத ரத்னா என உயர்ந்த வாழ்க்கை வரிசையாகச் சொல்லப்படுகிறது. அதற்கும் மேலே கடல்பொருட்களும் நினைவுப் பொருட்களும் விற்கும் கடை இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குள் வியாபாரமா என்று கேட்பவர்கள் உண்டு. தம்பியின் சிப்பிக் கடையைப் பற்றிப் படித்தவர்களுக்கு அது குடும்பத் தொழிலின் தொடர்ச்சியாகத் தெரியும்.

குடும்பமே நடத்துவதால் வந்த நன்மை, வீடு உயிரோடிருப்பது. அரசு நினைவில்லங்களில் அறைகள் காலியாக இருக்க, சுவரில் படங்கள் மட்டும் தொங்கும். இங்கே கீழ்த்தளத்தில் சமையல் நடக்கிறது, பள்ளிவாசலுக்கு ஆட்கள் போய்வருகிறார்கள். சங்கடமும் அதே காரணத்தால்தான் வருகிறது. குடியிருப்பவர்களின் அந்தரங்கம், தெருவின் நெரிசல், படிக்கட்டின் குறுகலால் முதியோர் படும் சிரமம் ஆகியவற்றுக்கெல்லாம் ஒரு குடும்பம் தனியாக ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

பேக்கரும்பு நினைவகம்

2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே கலாம் மயங்கி விழுந்து இறந்தார். ஜூலை 30 அன்று ராமேஸ்வரத்துக்குள் வரும் நெடுஞ்சாலையோரம் பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். டெல்லி ராஜாஜி மார்க் 10-ஆம் எண் அரசு வீட்டில்தான் அவர் இறுதிக்காலத்தில் வாழ்ந்தார். அதை அறிவு மையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தும் மத்திய அரசு ஏற்கவில்லை. வீடு ஓர் அமைச்சருக்கு ஒதுக்கப்பட்டது. புத்தகங்களும் உடைமைகளும் ராமேஸ்வரம் வந்தன. டெல்லி அரசு 2016-இல் தில்லி ஹாட் வளாகத்தில் சிறு நினைவகம் ஒன்றைத் திறந்தது.

பேக்கரும்பில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு கட்டிய தேசிய நினைவகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2017 ஜூலை 27 அன்று திறந்துவைத்தார். முகப்பு இந்தியா கேட்டையும், குவிமாடம் குடியரசுத் தலைவர் மாளிகையையும் நினைவூட்டும்படி கட்டப்பட்டுள்ளன. வளாகத்தில் ஏவுகணை மாதிரியும், உள்ளே ஓவியங்களும் சிலைகளும் உள்ளன. திறந்த சில நாட்களிலேயே சர்ச்சை கிளம்பியது. வீணை வாசிக்கும் கலாம் சிலையின் அருகே பகவத் கீதை செதுக்கப்பட்டிருந்ததைப் பலர் எதிர்த்தனர். உறவினர்கள் குர்ஆனையும் பைபிளையும் அங்கே கொண்டுவந்து வைத்தனர். அதற்கும் எதிர்ப்பு வர, அந்நூல்கள் அருகில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மாற்றப்பட்டன.

கலாம் வீணை பயின்றவர், கீதையும் குர்ஆனும் திருக்குறளும் படித்தவர். பாட்டியும் தாயும் ராமாயணக் கதையையும் நபிகள் வரலாற்றையும் சேர்த்தே சொல்லித் தூங்கவைத்தார்கள் என்று எழுதியவர். கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரி தந்தையோடு அமர்ந்து சமய விஷயங்கள் பேசியதையும், தன்னைப் பின்வரிசைக்கு மாற்றிய புதிய ஆசிரியரை அதே சாஸ்திரி அழைத்துக் கண்டித்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். புத்தகத்தில் பல பக்கங்களில் இயல்பாக வந்த செய்தியை ஒரு சிலையில் சுருக்க முயன்றதால் நேர்ந்த சிக்கல் இது.

பார்வையாளரும் பாதைகளும்

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 வரை ராமேஸ்வரம் தீவுக்கு வழி தந்தது. இப்போது 1988 அக்டோபர் 2-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட செங்குத்துத் தூக்கு ரயில் பாலமும் வழி தருகின்றன. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017 முதல் சாலை உள்ளது. ஒரே நாளில் கோயில், கலாம் வீடு, பேக்கரும்பு, அரிச்சல்முனை என்று சுற்றிவிட முடிவதால் வருகை பெருகியிருக்கிறது. வட இந்திய யாத்திரிகர்களும் பள்ளி மாணவர் குழுக்களும் அதிகம் வருகிறார்கள்.

மதிப்பீடு

பள்ளிவாசல் தெரு வீடும் பேக்கரும்பும் ஒரே மனிதரை இரு விதமாகக் காட்டுகின்றன. பேக்கரும்பு நாட்டின் தலைவரைக் காட்டுகிறது, அதற்கேற்ற அளவும் அகலமும் அதற்கு உண்டு. வீடு காட்டியிருக்க வேண்டியது பத்திரிகைக் கட்டு பிடித்த பையனை. ஆனால் மாடிக் காட்சிக்கூடத்திலும் பதக்கங்களே மேலோங்கி நிற்கின்றன. சுண்ணாம்புச் சுவர் வீட்டைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வருகிறவர், மாற்றிக் கட்டிய மாடி வீட்டைக் கண்டு சற்றுத் திகைக்கிறார்.

பழைய சுவர் இனித் திரும்பாது. ஆனால் புத்தகத்தின் இடங்கள் பல இன்னும் நடக்கும் தூரத்தில் உள்ளன. பள்ளிவாசல், கோயில், ராமதீர்த்தம், ரயில் நிலையம் ஆகியவற்றை இணைத்து, எந்தப் பக்கத்தில் எந்த இடம் வருகிறது என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்தாலே போதும். படகு கட்டும் முறை, ஓரணாவின் அன்றைய மதிப்பு, நூல் உருவான விதம் ஆகியவற்றுக்கு மாடியில் ஒரு சுவரை ஒதுக்கலாம். பேக்கரும்பில் அரசு செலவிட்டதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். வீட்டை அரசு எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. குடும்பத்தின் கையில் இருப்பதே அதன் சிறப்பு. வருகிறவர்களும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்தால், காட்சிக்கூடம் சொல்லாமல் விட்டதைத் தெருவே சொல்லிவிடும்.